பழைய அமெரிக்க கவுன்: லேபிள் எண்ணா, அளவு நாடாவா?

1950-களின் அமெரிக்க கவுனில் 12 என்று லேபிள் இருந்தால் அதை இன்றைய 12 என்று நம்பி வாங்காதீர்கள். 1958-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட தர அளவில் 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5. இன்றைய 8 அதைவிடப் பல அங்குலம் பெரிது. அந்தத் தர அளவும் 1983-இல் கைவிடப்பட்டது. வீட்டில் தைப்பவர்கள் வாங்கும் காகித வெட்டு மாதிரி (பேட்டர்ன்) உறைகளின் கணக்கு வேறு: 1960-களின் நடுப்பகுதியில் 12-க்கு மார்பு 32, பத்தாண்டு முடிவதற்குள் 34. எனவே லேபிளை வைத்துக் காலத்தை ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நாடா பொய் சொல்லாது, ஆனால் அளக்கத் தெரிய வேண்டும். ஜிப்பை மூடி, உடையை மேசையில் விரித்து, இழுக்காமல் அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். இடுப்புக்கும் அப்படியே. கிடைப்பது துணியின் அளவு. மார்பில் 2 முதல் 3, இடுப்பில் 1 அங்குலம் கழித்தால்தான் உடம்பளவு. பலர் சறுக்குவது இங்கேதான்: கழிக்காமல் வாங்கி, திணித்துப் போட்டு, பக்கவாட்டு உலோக ஜிப்பைக் கிழிக்கிறார்கள்.

முதலில் இடுப்பைப் பாருங்கள். மார்பு தொளதொளத்தால் பிடித்துத் தைக்கலாம். இடுப்பு போதவில்லையா? இரு பக்கத் தையலிலும் உள்ளே மடித்த துணி இருந்தால், முன்பக்கம், பின்பக்கம் என நான்கு ஓரத்திலும் அரை அங்குலம் பிரித்து மொத்தம் 2 அங்குலம் எடுக்கலாம். பழைய ஊசித் துளையும் வெளுக்காத கோடும் மட்டும் வெளியே தெரியும்.