பாகத்தைக் கையில் கொடுத்துப் பேசும் ஃபேன் கடை

குளச்சல், மண்டைக்காடு பக்கம் கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் ஃபேன் ரிப்பேருக்குத் திங்கள்சந்தை வரை போகலாம். மார்க்கெட் பக்கத்தில் சின்னக் கடை. ஒரு அண்ணாச்சியும் உதவிக்கு ஒரு பையனும்தான்.

எங்கள் ஹால் ஃபேன் சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கும். கம்பால் றெக்கையைத் தள்ளிவிட்டால்தான் சுற்றும். சுற்றினாலும் கரகரவென்று சத்தம். வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணியில்கூட ஏறாமல், "காயில் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. கழற்றி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் கண்டன்சரை மாற்றினார். 2.5 மைக்ரோ ஃபாரட், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கரண்டு கொடுத்ததும் யாரும் தொடாமலே சுற்றியது. "அக்கா, உள்ளே ரெண்டு காயில் உண்டு. கிளப்பிவிடுற காயிலுக்கு இது வழியாத்தான் கரண்டு போகும். இது வீக்கானா மோட்டாருக்கு இழுவை கிடையாது" என்றார்.

சத்தத்துக்கு மோட்டாரைப் பிரித்தார். சீலிங் ஃபேனில் நடுவில் காயில் சுற்றிய ஸ்டேட்டர் அசையாமல் நிற்க, வெளிக்கூடுதான் றெக்கையோடு சுற்றுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். காயில் கருகவே இல்லை. செம்பு பளபளவென்று இருந்தது. 6202 என்று எண் பொறித்த பேரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விரலால் சுற்றினால் உள்ளே மணல் நெரிவது தெரிந்தது. கிரீஸ் காய்ந்து, குண்டில் துரு. இரண்டு பேரிங்கையும் மாற்றினார்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் ராடை எடுத்துக்கொண்டார். ராடின் மேல்முனையில் கொக்கியில் மாட்டும் ஷேக்கிள், கீழ்முனையில் மோட்டார். இரண்டு இடத்திலும் ஒரு போல்ட், அந்த நட்டு கழன்று போகாமல் குறுக்கே ஒரு பிளவுபின். மேலே இருந்த பின்னைக் குறடால் லேசாகத் திருப்பினார், பொடிந்து விழுந்தது. உப்புக்காற்று தின்றிருக்கிறது. அந்த ஃபேனுக்குக் கீழேதான் எங்கள் அம்மா பாய் விரித்துப் படுப்பார். போல்ட், பின், ஷேக்கிளுக்குள் இருக்கும் ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டார். நான் கேட்காமலே செய்த இந்த வேலைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மொத்தம் 480 ரூபாய். பழைய பாகங்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

புது ஃபேன் வாங்கலாமா என்றும் கேட்டேன். பகல் முழுக்க ஓடுகிற அறைக்கு பி.எல்.டி.சி. (எலக்ட்ரானிக் போர்டு வைத்து மோட்டாரை ஓட்டும் புதுவகை ஃபேன்) நல்லது, பழையது 75 வாட் இழுக்கிற இடத்தில் அது 30 வாட் பக்கம்தான் இழுக்கும் என்றார். ஆனால் அதன் போர்டு கெட்டால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம், கம்பெனி சர்வீஸுக்கே போங்கள் என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எனக்குப் பிடித்தது.

குறை என்றால், வீட்டுக்கு வரமாட்டார். நாமே கழற்றிக் கொண்டுபோக வேண்டும். கோடையில் வேலை குவிந்து கிடக்கும், இரண்டு மூன்று நாள் ஆகலாம். போகிறவர்கள் மோட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ராடு, கப்பு, போல்ட், றெக்கை எல்லாம் சேர்த்தே கொண்டுபோங்கள். றெக்கை மூன்றும் ஒரே செட்டாக இருக்கட்டும். வேறு ஃபேனின் றெக்கை கலந்தால் எடை மாறி ஃபேன் ஆடும்.