மண்டைதீவுக் கண்டல் காட்டு வள்ளச் சவாரி: பின்னேரம் போங்கள்

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கும் மண்டைதீவுப் பக்கம், கரையோர உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் வள்ளத்தில் கூட்டிப்போகிறார்கள், காசுக்குப் பழுதில்லை. வள்ளம் ஓட்டும் அண்ணை மீன்பிடிக்கிறவர். மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும் நாற்றைப் பிடித்துக் காட்டி, "தம்பி, இதை ஆழத்தில நட்டா செத்துப்போகும், தண்ணி ஏறி வத்துற இடமா இருக்கோணும்" என்றார். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டலில் பெரும்பகுதி பிழைக்காததற்கு இப்படி இடம் பார்க்காமல் நட்டது முக்கிய காரணம். வேரடியில் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்ந்தால்தானே அவருக்கும் வலை நிறையும்.

குறை என்றால், வள்ளத்துக்குக் கூரை இல்லை (அதுதான் வெயில் தாழப் பின்னேரம் போகச் சொல்கிறேன்), லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் காணாது, கேட்டால் "தண்ணி இடுப்பளவுதான்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கிற விஷயமா இது? பிள்ளைகளோடு போகிறவர்கள் காசு கட்ட முதலே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.