கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடை: பசுமைத் தீர்ப்பாய மனு டைப் அடித்த அனுபவம்

நீலகிரியில் எங்கள் ஊர் கோர்ட்டுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மனு டைப்பிங், மொழிபெயர்ப்பு, ஸ்கேன், ஆன்லைன் பதிவு எல்லாம் செய்கிறார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் மழைநீர்க் கால்வாயில் லாட்ஜ்களின் கழிவும் வீடுகளின் கழிவும் சுத்திகரிக்காமல் அப்படியே இறங்குகிறது. கீழே கேரட் தோட்டத்துக்கு அதே தண்ணீர்தான், அப்புறம் அது பவானியில் போய்ச் சேர்கிறது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், அரசையும் உள்ளாட்சியையும் எதிர்த்துச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையில் இருக்கும் தென் மண்டல அமர்வுக்குப் போவது என்று தெருக்காரர்கள் முடிவெடுத்தோம்.

கடையை நடத்தும் அக்கா வக்கீல் இல்லை. ஆனால் நான் பேப்பரை நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எப்ப ஆரம்பிச்சதுங்க அண்ணா, தேதி இருக்கா?" என்பதுதான். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள், அதற்கு மேல் கிடையாது. பல வருடக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, இந்த சீசனுக்கு முன்னால் புதிதாக இறக்கிய குழாயின் போட்டோவை முதலில் வைக்கச் சொன்னார். அந்த ஒரு யோசனைக்கே அவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய்தான் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

குறை என்றால் மொழிபெயர்ப்பு. தீர்ப்பாயத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் எங்களுக்கு வந்த பதில் தமிழில் இருந்ததால் அங்கேயே கொடுத்தேன். உதவிக்கு இருக்கும் பையன் 'மழைநீர் வடிகால்' என்பதை ஆங்கிலத்தில் சாக்கடை என்று பொருள் வரும்படி அடித்துவிட்டான். சின்னத் தப்பு மாதிரி தெரியும், ஆனால் எங்கள் வழக்கே அந்த வார்த்தையில்தான் நிற்கிறது. சாக்கடையில் கழிவுநீர் ஓடினால் யாருக்கு என்ன குற்றம்? மழைத் தண்ணீர் போகிற வழியில் மலம் ஓடுகிறது என்பதுதானே புகார்! ராத்திரி வீட்டில் படித்தபோது கண்ணில் பட்டது, கை நடுங்கிவிட்டது. மறுநாள் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள். போட்டோக்களையும் முதலில் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தார்கள், நுரை எது பாறை எது என்றே தெரியவில்லை. கலரில் என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் இல்லை என்று நகராட்சி கைவிரிக்கும் என்பதால், 1980-ல் மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்காததையும், சுத்திகரிக்காத கழிவு கலக்கும் ஒவ்வொரு கால்வாய்க்கும் மாதம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2019-ல் இதே தீர்ப்பாயம் சொன்னதையும் சேர்த்தோம். இரண்டு உத்தரவுகளையும் தேடி எடுத்து, பக்க எண் போட்டு, அட்டவணையோடு அடுக்கிக் கொடுத்தது அக்காதான்.

பக்கத்துக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள், மொழிபெயர்ப்புக்குத் தனி. கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், மழை நாளில் மதியத்துக்குள் போய்விடுவது நல்லது. எதிர்த்தரப்பின் பதில் மனு வந்ததும் மறுபடி அங்கேதான் போவேன், ஆனால் இந்த முறை அங்கேயே உட்கார்ந்து வரி வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்து.