டிட்லிவிக்கியில் ஒன்பது வருட அளவு நோட்டு

நான் தையல்காரி. மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை, இரண்டு மெஷின், ஓர் ஓவர்லாக், தம்பி மகன் கழித்துப் போட்ட பழைய மடிக்கணினி. அந்தக் கணினியில் ஒரே ஒரு கோப்பு இருக்கிறது. ஒன்பது வருடமாக வாடிக்கையாளர் அளவு எல்லாம் அதற்குள்தான். டிட்லிவிக்கி என்பது அதன் பெயர், குறிப்பு எழுதி வைக்கிற ஒரு நிரல். கணினி ஆட்கள் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பத்து வரியில் செருகுநிரல், நிரல்வரி என்று எங்கோ போய்விடுகிறார்கள், ஊசி நூல் பிடிக்கிறவளுக்கு இது எப்படி இருந்தது என்று யாரும் சொன்னதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

முன்பு 555 நோட்டுதான். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்ன நோட்டு. பதினொன்று சேர்ந்திருந்தது. ஒரு தீபாவளி நெருக்கத்தில் கூரை ஒழுகி, அலமாரி மேல்தட்டில் இருந்த அத்தனையும் நனைந்துபோனது. பால்பாயிண்டில் எழுதியது தப்பித்தது. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறை. துணியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களை மறுபடி வரச்சொல்லி அளவெடுத்தேன், தோட்டத்தில் இருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “என்னம்மா, என் இடுப்பையா தொலைச்சுட்டே?”

அப்புறம் கைப்பேசியில் ஒரு குறிப்புச் செயலி. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தது. ஒருநாள் திறந்தால் முகமே மாறியிருக்கிறது, தேடும் இடம் மேலே இருந்து கீழே வந்துவிட்டது, உள்ளே போக மின்னஞ்சல் கேட்கிறது, இருநூறு குறிப்புக்கு மேல் வேண்டுமென்றால் மாதம் இத்தனை வெள்ளி (ரிங்கிட்) கட்டு என்கிறது. நான் எழுதிய அளவைப் பார்க்க நானே காசு கட்டணுமா என்று புலம்பியபோதுதான் தம்பி மகன் டிட்லிவிக்கியைக் காட்டிச் சொன்னான்: “அத்தே, இது ஒரே ஃபைல்தான். நெட் வேண்டாம், கம்பெனி மூடினாலும் இது ஓடும்.”

விக்கி என்றால் விக்கிப்பீடியா மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்பே, 1995-இல், வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியைச் செய்திருக்கிறார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார், ஹவாய் மொழியில் விக்கி என்றால் சீக்கிரம். எவரும் எந்தப் பக்கத்தையும் சட்டென்று திருத்தலாம் என்பதுதான் அதன் விசேஷம். தனிவிக்கி என்பது அதே வித்தை, ஆனால் எழுதுவதும் படிப்பதும் நீங்கள் ஒருவர்தான். டிட்லிவிக்கியை 2004-இல் வெளியிட்டவர் ஜெரமி ரஸ்டன் என்ற ஆங்கிலேயர். நிரலும் குறிப்பும் ஒரே எச்.டி.எம்.எல். (இணையப் பக்க) கோப்புக்குள் இருக்கும். இரண்டு முறை தட்டினால் உலாவியில் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறிப்பையும் டிட்லர் என்கிறார்கள், இங்கிலாந்துப் பேச்சில் குட்டி மீன் என்று அர்த்தமாம், நம் அயிரை மாதிரி. நான் சீட்டு என்றே சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு சீட்டு. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது அந்தப் பெயருள்ள சீட்டுக்கு இணைப்பாகிவிடும், அப்படி ஒரு சீட்டு இன்னும் இல்லையென்றால் சாய்வெழுத்தில் நிற்கும், தட்டினால் புதிதாக எழுதிக்கொள்ளலாம். இதைக் கற்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. அம்மா சீட்டில் மகள் பெயர், மகள் சீட்டில் கல்யாணம், கல்யாணச் சீட்டில் யார் யாருக்கு என்ன துணி, என்றைக்குத் தரவேண்டும். ஒரே தலைப்பில் இரண்டு சீட்டு இருக்க முடியாது என்பதால் என்னிடம் இருக்கும் ஏழு லெட்சுமிகளும் எல்பில் லெட்சுமி, கோயில்பக்கத்து லெட்சுமி என்று பிரிந்துவிட்டார்கள். (எல்பில் தோட்டம் என்றால் வரலாற்றுப் புத்தகத்தில் 1948 ஜூன் 16, தோட்டத்து வெள்ளைக்கார துரை சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய இடம். எனக்கு எல்பில் என்றால் கை இறுக்கமாக வேண்டும் என்று கேட்கிறவர்கள்.)

பழைய அளவை நான் அழிப்பதில்லை, மேலே புதுத் தேதி போட்டு எழுதுவேன். எல்பில் லெட்சுமி அக்காவின் சீட்டில் முதல் வரி இப்படி இருக்கும்: உயரம் 14½, மார்பு 38, இடுப்பு 33, தோள் 14½, கை நீளம் 9, கைச்சுற்று 12, முன்கழுத்து 6½, பின்கழுத்து 8, வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் வருகிறேன். ரவிக்கை ஒரு பக்கம் நழுவுகிறது என்று சொல்கிறவர்களுக்குத் தோளை அளந்து பார்த்து ‘தோள் இறக்கம்’ என்று ஒட்டுப்பெயர் (டேக்) போடுவது என் வழக்கம், வெட்டும்போது மறக்காமல் இருக்க. மூன்றாவது வருடமோ என்னவோ, ஒருநாள் அந்த ஒட்டுப்பெயரைத் தட்டினேன். பதினாலு பேர் வரிசையாக வந்தார்கள். பன்னிரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள், அத்தனை பேரும் ஒருகாலத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால்வாளியை மாட்டி அதே தோளில் வருடக்கணக்காகச் சுமந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, தோள் மட்டும் ஏறவில்லை. பதினொரு 555-லும் இது எழுதித்தான் இருந்தது, ஆனால் பதினொன்றையும் விரித்து வைத்து யார் பார்த்தது?

2020 மார்ச் 18 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதும் இது கைகொடுத்தது. வெட்டி வைத்த துணி, வெட்டாத துணி, தள்ளிப்போன கல்யாணம், நின்றுபோன கல்யாணம் எல்லாம் ஒரே பட்டியலில். யாருக்கும் நான் தவறான துணியைக் கொடுக்கவில்லை. அளவு மாறிப்போயிருந்தது அவர்களுக்கு, அது என் தப்பில்லை.

இன்னொன்று, பொம்பளைகளின் உடம்பு அளவு என்பது என்னை நம்பிச் சொல்வது. அது எந்த நாட்டு சர்வரிலோ உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இந்தக் கோப்பு என் கணினியை விட்டு எங்கும் போகாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் வழி இருக்கிறது, ஆனால் சொல்லை மறந்தால் யாரிடமும் போய்க் கேட்டு வாங்க முடியாது, கோப்பு போனது போனதுதான்.

இப்போது வெளியே இருக்கிற இணையத்துக்கு வருவோம். புதுக் கழுத்து மாடல் பார்க்க ஒரு பக்கத்தைத் திறக்கிறேன் என்று வையுங்கள். முதலில் குக்கீ சம்மதம், உங்கள் கணினியில் குறிப்பு வைத்துக்கொள்ளட்டுமா என்று. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாலும் வந்தது, சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து நான் சம்மதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். சட்டம் கேட்கச் சொன்னது, அவ்வளவுதான். ‘வேண்டாம்’ என்பதைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தது பக்கம் கட்டியவர்கள் செய்த வேலை. அதைக் கடந்தால் மின்னஞ்சல் கொடு என்று ஒரு பெட்டி. அதையும் மூடினால் மூலையில் ஒரு வீடியோ தானாகக் கத்த ஆரம்பிக்கும். மேலே ஒட்டிக்கொண்ட பட்டையும் கீழே ஒட்டிக்கொண்ட பட்டையும் போக, நடுவில் ஜாக்கெட்டின் கழுத்து மட்டும் எட்டிப்பார்க்கும். படத்தைத் தட்டப் போகும் அந்த நொடியில் மேலே விளம்பரம் வந்து விழுந்து எல்லாம் கீழே சரியும், விரல் விளம்பரத்தில். இந்தச் சரிவை அளக்க கூகுள் 2020-இல் ஓர் அளவே அறிவித்தது, நல்ல பக்கம் என்றால் 0.1-ஐத் தாண்டக் கூடாதாம். அளவெடுப்பதோடு சரி போல, தைக்கிறவர்களைக் காணோம்.

தமிழ்ப் பக்கம் என்றால் இன்னும் மோசம். ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வரி இடைவெளியை வெட்டியிருப்பார்கள், ‘கீ’யின் கொண்டை போய்விடும், ‘கூ’வின் வால் அடுத்த வரியில் இடிக்கும். பட்டனுக்குள் ‘பதிவிறக்கம் செய்’ அடங்காமல் ‘பதிவிறக்’ என்று தொங்கும். பட்டனுக்கு எழுத்தே வேண்டாம் என்று படம் போடுகிறவர்கள் வேறு, மூன்று கோடு, மூன்று புள்ளி, ஒன்பது புள்ளி, எதற்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கணும். என் பாட்டியின் சிங்கர் மிதிமெஷின் இன்னும் வீட்டில் இருக்கிறது, தையல் நீளம் மாற்றும் திருகு அவர் காலத்தில் எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கிறது, ராத்திரி கரண்டு போனாலும் கை தானாகப் போகும்.

எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் என்று இணையப் பக்கங்களை எடைபோடுகிற ஓர் அமைப்பு இருக்கிறது, அதன் கணக்கில் நடுத்தரமான பக்கம் ஒன்றே இரண்டு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. ஒன்றும் எழுதாத டிட்லிவிக்கியும் கிட்டத்தட்ட அந்த எடைதான். என்னுடையதில் ஆயிரத்து முந்நூறு சீட்டு ஏறி, இப்போது நாலரை மெகாபைட்.

சரி, குறைகள். முதல் குறை, சேமிப்பது. உலாவி என்பது உங்கள் கணினியில் உள்ள கோப்பின் மேல் தானாக எழுதாது, பாதுகாப்புக்காக. அதனால் சேமி என்று தட்டும்போதெல்லாம் ஒரு புதுப் பிரதி பதிவிறக்கக் கோப்புறையில் விழும்: அளவு (1), அளவு (2), அளவு (47). சேமிக்காத வேலை இருந்தால் அந்தப் பட்டன் சிவப்பாகும், அது ஒன்றுதான் எச்சரிக்கை. நேரடியாகச் சேமிக்க உலாவியில் ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வைத்திருந்தேன், 2017 நவம்பரில் நான் வைத்திருந்த உலாவி நீட்சி முறையையே மாற்ற, அதுவும் போனது. அதற்கப்புறம்தான் நான் பெரிய தப்புச் செய்தேன்: பழைய பிரதியைத் திறந்து, தெரியாமல் மூன்று நாள் அதிலேயே எழுதிவிட்டேன். நல்ல வேளை, ஒரு கோப்பை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் எந்தச் சீட்டை எடுக்கட்டும் என்று பட்டியல் காட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன், ராத்திரி இரண்டு மணி. இப்போது டிட்லிடெஸ்க்டாப் என்ற தனி நிரலில் திறக்கிறேன், அதே கோப்பிலேயே சேமித்து, பழையதற்கும் ஒரு நகல் வைத்துவிடும்.

இரண்டாவது, சீட்டின் தலைப்பை மாற்றினால் ஒட்டுப்பெயர்களைத் தானே மாற்றித் தரும், மற்ற சீட்டுகளின் எழுத்துக்குள் இருக்கும் இணைப்புகளை மாற்றாது. அதற்குத் தனிச் செருகுநிரல் உண்டு, ரிலிங்க் என்று. கல்யாணம் ஆனதும் பெயருக்குப் பின்னால் ஊரை மாற்றுகிற வேலை எனக்கு நிறைய, அதைப் போட்ட பிறகுதான் நிம்மதி.

மூன்றாவது கோமதி விவகாரம். கோமதி என்று தேடினால் ஒரு சீட்டு வருகிறது. அதில் 2018-க்கு முந்தைய அளவு இல்லை. எல்லாச் சீட்டும் உள்ள பட்டியலில் போய்ப் பார்த்தால் கோமதி இரண்டு பேர், எழுத்துக்கு எழுத்து ஒன்று! ஒரே தலைப்பில் இரண்டு வராது என்றார்களே என்று தம்பி மகனுக்குப் போன் அடித்தேன். விஷயம் இதுதான்: கணினியின் எழுத்து முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம், ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு வேறு சொல். பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த ஒரு பெயர்ப்பட்டியலை மாற்றிப் போட்டபோது இரண்டாவது வகை உள்ளே வந்துவிட்டது. அவன் ஏதோ ஒரு நிரலில் கோப்பை ஓட்டி எல்லாவற்றையும் ஒருமாதிரி ஆக்கிக் கொடுத்தான். தமிழில் எழுதப் போகிறவர்கள் முதல் நாளே இதைக் கவனியுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒள’ என்று ஒகரமும் ளகரமும் அடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதிதான்.

கைப்பேசியில் இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திறக்கும், படிக்கலாம், திருத்திச் சேமிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆண்ட்ராய்டில் டிட்லாய்ட் என்று ஒரு செயலி இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அளவெடுத்தால் பேப்பரில் எழுதி வந்து ராத்திரி ஏற்றுகிறேன். கடையில் உதவிக்கு இருக்கும் பெண் இதைத் தொடவே மாட்டாள், அவளுக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து வைப்பதுதான் வசதி, அவளுடைய வேலை கெட்டுப்போனதாகவும் சொல்ல முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய கடை என்றால் இது வேண்டாம். ஒண்டியாளாக வேலை செய்கிறவர்கள், எழுதியதையே பத்து வருடம் கழித்தும் தேடுகிறவர்கள், ஒரு வாரம் எரிச்சல் படத் தயாராக இருக்கிறவர்கள் போட்டுப் பாருங்கள். காசு கிடையாது. பதிப்பு மூன்று முறை மாற்றினேன், டிட்லிவிக்கி தளத்தில் உள்ள பக்கத்தில் கோப்பை இழுத்துப் போட்டால் புதுப் பதிப்பாகத் திரும்பி வரும் (எல்லாம் உலாவிக்குள்ளேயே, கோப்பு சர்வருக்குப் போவதில்லை), 2016-இல் எழுதிய முதல் சீட்டு அன்று எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் இன்றும் தெரிகிறது.

நனைந்த 555-இல் நாலு நோட்டு இன்னும் ஏற்றாமல் பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. ஒட்டிக்கொண்ட தாள்களை இஸ்திரி ஆவியில் காட்டிக் காட்டிப் பிரிக்கிறேன், ஒரு ராத்திரிக்கு மூன்று பக்கம்கூட வருவதில்லை.