கம்பியில் முறுக்கிய கொழுந்துக்காரி
நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் செம்புக் கம்பித் தோடும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் பொம்மை ஒன்றும் வாங்கினேன். பொம்மை உள்ளங்கை உயரம்தான், ஆனால் கூடைக் கயிறு நெற்றியில் சரியாக விழுந்திருக்கிறது, உடம்புக்கு 0.8 மில்லிமீற்றர் கம்பி, கூடைப் பின்னலுக்கு 0.4, எல்லாம் கண்முன்னாலேயே குறடால் முறுக்கித் தந்தார் அந்தக் கடைக்கார அக்கா, பற்றவைப்பே கிடையாது. தோடுதான் சொதப்பல். முனையை அராவாமல் விட்டதில் சால்வையில் கொளுவி நூலை இழுத்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் முனையைச் சுருட்டித் தந்தார், சரி. நம்ம ஊர் ஈரத்துக்குச் செம்பு கறுக்கத்தான் செய்யும், தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். விலையில் மட்டும் அக்கா அசையவே மாட்டார்.