ஒன்றரை வருடம் போட்ட முழங்கால் உறை

நேற்று இந்த உறையின் வெல்க்ரோவை மூன்றாவது தடவையாக மாற்றிக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் சப்பாத்துத் தைக்கிற ஐயா 250 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து சேரக் கூட்டாளியின் குரல் செய்தி: "மச்சான், நீ போடுற அந்த உறை விலை குறைஞ்சிட்டுது. வாங்கட்டோ?" அவனுக்கும் எனக்கு வந்த அதே நோ. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம்.

நான் கரப்பந்தாட்டத்தை 26 வயதில் விட்டு 39 இல் திரும்பத் தொடங்கினேன். மூன்றாவது கிழமையே இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆண்களுக்கான வலை 2.43 மீற்றர். அதற்கு மேலே கை போக ஒவ்வொரு அடிக்கும் முழுதாகத் துள்ள வேண்டும். துள்ளும்போதும் இறங்கும்போதும் அந்த இழுவை சில்லையும் கணைக்கால் எலும்பையும் இணைக்கிற நாணில்தான் விழுகிறது. சைக்கிள் ஓட நோகாது. கோயிலில் சம்மணம் கட்டி இருந்துவிட்டு எழும்பும்போதுதான் உயிர் போகும். ஆறு கிழமை ஓய்வு எடுத்தேன், எண்ணெய் பூசினேன், அம்மாவின் சொல்லுக்காகப் புக்கையும் கட்டினேன். நோ போய்விட்டது. மைதானத்துக்குத் திரும்பிய முதல் பின்னேரமே அதே இடத்தில் அதே நோ.

அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் இந்த உறை, 3,200 ரூபாய். சில்லுக்கு வட்டமாக ஓட்டை வைத்த வகை. சூடு காக்கும், பிடிப்பாக இருக்கும், கால் தன் பாட்டில் நிற்கிற உணர்வு வரும். மார்கழிக் குளிரில் உடம்பு சூடேற முதல் ஆடும்போது இதன் அருமை தெரியும். தையல் ஒன்றுகூட இன்றுவரை விடவில்லை. இதெல்லாம் உண்மை, மறைக்க மாட்டேன்.

ஆனால் இந்த வெல்க்ரோ! எங்கள் மைதானம் செம்மண். பங்குனி, சித்திரையில் ஒரு தரம் விழுந்து பந்தெடுத்தால் போதும், பொடி மண் அந்தக் கொக்கிகளுக்குள் இறங்கிவிடும். பழைய பல்துலக்கியால் தட்டித் தட்டி எடுக்கிறேன், முழுதாகப் போவதில்லை. முதல் செற்றில் இறுக்கிக் கட்டியது மூன்றாவது செற்றில் கெண்டைக்காலில் கிடக்கும். பந்து எழும்பி வருகிறது, நான் குனிந்து உறையை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். இறுக்கிக் கட்டினால் முழங்காலுக்குப் பின்மடிப்பில் வியர்க்குரு. தோய்த்தால் மாரியில் இரண்டு நாளாகியும் காயாது. இந்த வெயிலையும் மண்ணையும் யோசித்து யாரும் இதைச் செய்யவில்லை என்பது என் தீராத மனக்குறை.

இனி முக்கியமான விஷயம். உறை போட்டும் நோ குறையாததால்தான் பிசியோதெரபி பார்க்கிற ஒரு அக்காவிடம் போனேன். ஓய்வில் நோ அடங்கும், ஆனால் நாண் பாரம் தாங்கப் பழகாது, அதனால்தான் திரும்ப வருகிறது என்று அவர் விளங்கப்படுத்தினார். தந்த பயிற்சி மிக எளிது. சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் 45 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆறிவிட்டுத் திரும்ப. ஐந்து தடவை. சில கிழமைக்குப் பிறகு பாரம் தூக்கிக்கொண்டு மிக மெதுவாகக் குந்தி எழும்புவது. துள்ளல் கடைசியில்தான். நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று நானே புள்ளி போட்டு, மூன்றுக்குள் நின்று, அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். கூடினால் அந்தக் கிழமை துள்ளலைக் குறைக்க வேண்டும்.

முதல் நாள் 45 விநாடி முடிந்து எழும்பியபோது அந்த இடத்தில் நோ பாதியாகி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சதம் செலவில்லை, எங்கள் விறாந்தைச் சுவர்தான். ஆனால் அன்று குறைந்தது அடுத்த நாள் திரும்பத்தான் வந்தது. உண்மையாகக் கால் தேற நாலு மாதம் பிடித்தது, அதில் ஒரு கிழமையும் தவறவிடவில்லை.

சரி, வாங்கலாமா? நான் இதைப் போடாமல் மைதானத்தில் இறங்குவதில்லை. இது கிழிந்தால் அன்றைக்கே இன்னொன்று வாங்குவேன். ஆனால் மச்சான், நீ வாங்காதே. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். போட்ட அன்றைக்குக் கால் நல்லாயிருக்கிற மாதிரித் தெரியும், நீ சுவர்ப் பக்கமே போகமாட்டாய். எனக்கு அப்படித்தான் இரண்டு மாதம் வீணாகியது. முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ அது வேறு பிரச்சினை, நேரே டொக்டரிடம் போ.

இல்லையென்றால் நாளைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வா. மணிக்கூட்டை நான் பிடிக்கிறேன்.