பெராஸியா, பெரெட்டாவா, பிரௌனிங்கா: தில்லியில் பழைய ட்ராப் துப்பாக்கி வாங்கும் முன்

தில்லியில் ட்ராப், அதாவது பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி, பழகி, கிளப் துப்பாக்கியை விட்டுச் சொந்தத் துப்பாக்கிக்கு மாற நினைப்பவர் காதில் விழுவது பெரும்பாலும் மூன்று பெயர்கள்: பெராஸி எம்எக்ஸ்8, பெரெட்டா 682, பிரௌனிங். புதுத் துப்பாக்கியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது, தேசியப் போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்து 'பெயர்பெற்ற வீரர்' ஆனவர்களுக்கான வழி. இப்போதுதான் தொடங்குகிறவருக்கு யாரோ சுட்டுவிட்டு விற்கும் பழசுதான் கதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பராமரித்த போட்டித் துப்பாக்கி ஒரு தலைமுறை தாண்டியும் சுடும்.

என் தங்கை மகனுக்காக இந்த மூன்றையும் அலச வேண்டி வந்தது. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 2023-ல் இந்திய ட்ராப் அணி தங்கம் வாங்கியபோது அதில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் இருந்தார். அன்றிலிருந்து ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பையன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, பெரிய ஆளுங்க நிறையப் பேர் பெராஸிதானே வச்சிருக்காங்க? நாமளும் அதையே பார்த்தா என்ன?" என்பது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் துப்பாக்கி என்றால் நல்ல நிலையில் உள்ள 682. பெராஸி, உடம்பும் சுடும் முறையும் ஒரு நிலைக்கு வந்த பிறகு. பிரௌனிங், கை நீளமும் தோளும் அதற்கு ஒத்துவந்தால் மட்டும்.

மூன்றும் மேலும் கீழுமாகக் குழல் வைத்த 12 போர் (குழல் துளையின் அளவு) துப்பாக்கிகள். ஊரில் தாத்தா விட்டுப்போன பக்கவாட்டு இரட்டைக்குழலையோ பீகாரின் முங்கேரில் செய்த துப்பாக்கியையோ கொண்டு ட்ராப் பழகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழகலாம், முன்னேற முடியாது. பார்வைக்கோட்டில் அகலமாக இரண்டு குழல் கிடக்கும். எடையும் குறைவு, அதனால் ஒரு சுற்றுக்கு 25 தட்டு சுடுவதற்குள் தோள் வலிக்கும்.

எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒலிம்பிக் ட்ராப்பில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் 15 எந்திரங்கள். எதிலிருந்து வரும் என்று தெரியாமல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், 76 மீட்டர் தூரம் போகும்படி தட்டு விலகிப் பறக்கும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. ஒவ்வொன்றிலும் 24 கிராம் ரவை. துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் ஏற்றிக்கொண்டு தட்டைக் கூப்பிடலாம். தட்டு சுடும் இன்னொரு போட்டியான ஸ்கீட்டில் துப்பாக்கி இடுப்பருகே இருக்க வேண்டும்; தட்டு கண்ணில் பட்ட பிறகுதான் தோளுக்கு ஏறும்; தூரமும் குறைவு. ஆகவே ட்ராப் துப்பாக்கிக்கு 30 அல்லது 32 அங்குலக் குழல், இறுக்கமான சோக் (ரவை பரவாதபடி குழல் முனையைக் குறுக்கும் அமைப்பு), உயர்ந்த கட்டை (தோளில் வைத்துக் கன்னம் பதிக்கும் மரப் பகுதி). ஸ்கீட் துப்பாக்கிக்குச் சோக்கும் கட்டையும் இதற்கு நேர்மாறு. "ரெண்டுக்கும் ஆகும் சார்" என்று விற்பவர் சொன்னால், சோக் மாற்றலாம் என்பது மட்டுமே அதில் உண்மை. கட்டையின் உயரம் சோக்கோடு சேர்ந்து மாறாது.

தில்லிச் சந்தைக்கே உரிய ஒரு வகையையும் சொல்ல வேண்டும். 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், இரண்டு தட்டு ஒரே நேரத்தில் பறக்கும் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கினார். அந்தப் பிரிவில் அங்குர் மித்தல் 2018-ல் உலக சாம்பியனும் ஆனார். ஆனால் 2016 ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் டபுள் ட்ராப் இல்லை. அதற்கென்று செய்த துப்பாக்கி விலைக்கு வந்தால் சோக்கைப் பாருங்கள். முதல் தட்டைக் கிட்டத்திலேயே உடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு குழலின் சோக்கைத் தளர்வாக வைத்திருப்பார்கள். சோக் மாற்றும் வகை என்றால் வாங்கலாம். நிலையான சோக் என்றால் ட்ராப்பில் அது பாதித் துப்பாக்கிதான்.

இனி பெராஸி. எம்எக்ஸ்8 உருவானது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி. பெயரே அங்கிருந்து வந்தது. கீழ்க்குழலின் இருபுறமும் பிடிக்கும் பூட்டு, அதனால் உயரம் குறைந்த ஆக்‌ஷன். (குழல் மடங்கிப் பூட்டும் உலோக உடல்தான் ஆக்‌ஷன்.) குழல் கைக்கு நெருக்கமாகப் படுத்திருக்கும். எதை நோக்கிக் கை போகிறதோ அங்கே போகும். ட்ரிகர் பகுதி முழுவதும் அப்படியே கழன்று வரும். போட்டி நடுவே ஏதாவது உடைந்தால் இன்னொன்றை மாட்டிவிட்டுத் தொடரலாம். ட்ரிகர் மெக்கானிக்கல் வகை. முதல் தோட்டா வெடிக்காமல் போனாலும் இரண்டாவது தயாராக இருக்கும். இவ்வளவும் மறுக்க முடியாத பெருமை.

பழசாக வாங்கும்போது கதை வேறு. பழைய எம்எக்ஸ்8-களில் தட்டை ஸ்பிரிங் உண்டு. அது ஒரு நாள் உடையும். அதனால்தான் பழகியவர்கள் பையில் மாற்று ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். விற்பவர் தரும் பெட்டியில் மாற்று ஸ்பிரிங், தோட்டாவை அடிக்கும் ஊசி, இரண்டாவது ட்ரிகர் இருக்கிறதா என்பது விலையையே மாற்ற வேண்டிய விஷயம். இதைவிடப் பெரியது கட்டை. பெராஸி வாங்குபவர்கள் பலரும் தம் கழுத்து, கை, கன்னத்து அளவு கொடுத்துக் கட்டை செய்துகொள்வார்கள். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை விலை கொடுத்து வாங்குவது மாதிரிதான் அது. எங்கள் பையன் இடக்கைக்காரன். நாங்கள் பார்த்த பெராஸியின் கட்டை வலக்கைக்காரருக்காக வெளிப்பக்கம் வளைந்தது, பிடியில் வலது உள்ளங்கைக்கு ஒரு புடைப்பும் இருந்தது. அவன் தோளில் வைத்ததும் கண் குழலின் மேல்பட்டைக்கு ஒரு விரல்கடை பக்கத்தில் போய் நின்றது. புதுக் கட்டை செய்யலாம்தான். நல்ல வால்நட் கட்டையும் அதைப் பொருத்தத் தெரிந்த கையும் சேர்ந்தால் அது தனிச் செலவு. முதல் துப்பாக்கிக்கு வீண்.

682-க்கு அந்த மோகம் இல்லை. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ஆக்‌ஷன் முகப்பிலிருந்து இரண்டு கூம்பு ஊசிகள் முன்னே வந்து, மேல்குழலின் இருபுறமும் உள்ள குழிகளில் உட்காரும். தேய்ந்தால் சற்றுப் பெரிய ஊசி போட்டு இறுக்கலாம். குழல் மடங்கும் இடத்தில் உள்ள குமிழ்களையும் மாற்றலாம். தேயும் இடங்களெல்லாம் மாற்றக்கூடிய இடங்களாக இருப்பது பழைய துப்பாக்கிக்குப் பெரிய பலம். கம்பெனிக் கட்டை பெரும்பாலும் சராசரி அளவில் இருக்கும், கொஞ்சம் செதுக்கியோ பின்னால் ரப்பர் தடிப்பு கூட்டியோ சரிசெய்யலாம். கோல்டு ஈ வகையில் கட்டையின் கன்னப் பகுதியை ஏற்றி இறக்கும் வசதியோடு வந்தவையும் உண்டு. வளரும் பையனுக்கு அது கிடைத்தால் விடவே கூடாது. பலவீனம் எது என்றால் ட்ரிகர். இது இனர்ஷியா வகை: முதல் வெடியின் உதைதான் இரண்டாவது குழலுக்கு ட்ரிகரை மாற்றிவிடும். முதல் தோட்டா வெடிக்கவில்லை என்றால் இரண்டாவதும் சும்மா இருக்கும். தரமான தோட்டாவில் இது அரிது. அந்த அரிதுக்காகப் பெராஸி விலை கொடுக்க ஆரம்ப நிலையில் அவசியம் இல்லை. ட்ரிகர் கழலும் பெரெட்டாவே வேண்டும் என்றால் டிடீ10 இருக்கிறது. அது 682-ஐவிட விலை கூடிய வேறு வரிசை.

பிரௌனிங்கை நான் குறைத்துச் சொல்வதாக அந்தப் பக்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் கடைசி வடிவமைப்பு, மேலும் கீழுமாகக் குழல் வைத்த இந்தத் துப்பாக்கி. 1926-ல் அவர் இறந்த பிறகு மகன் முடித்துக்கொடுத்து, 1931-லிருந்து பெல்ஜியத்தில் வெளிவந்தது. அதன் வழிவந்த 425, 525 ஜப்பானின் மிரோக்கு ஆலையில் செய்தவை. மிரோக்கு பெயரிலேயே வருபவையும் அதே ரத்தம்தான். அகலம் முழுவதும் ஓடும் கீல், கீழ்க்குழலுக்கு அடியில் தட்டையான பூட்டு. தேய்மானத்தில் மூன்றிலும் உறுதியானது இதுதான் என்பேன். ஆனால் பூட்டு அடியில் இருப்பதால் ஆக்‌ஷன் உயரமாகிறது, குழலும் கைக்கு மேலே தள்ளி நிற்கிறது. சிலருக்கு அது பிடிக்கும். எங்கள் பையனுக்குக் கனமாகப் பட்டது. ட்ரிகர் இதிலும் பெரும்பாலும் இனர்ஷியாதான்.

பெயரை முடிவுசெய்வது பாதி வேலை. மீதி, மேசைமேல் கிடக்கும் அந்த ஒரு துப்பாக்கியைச் சோதிப்பது. காலியா என்று இரண்டு குழலையும் கண்ணால் பார்த்த பிறகே மற்றதெல்லாம். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியிருக்கும்வரை குழலை இறுக்கிப் பிடித்துத் தளர்ச்சியை மறைக்கும். கழற்றிய நிலையில் மூடி, கட்டையைப் பிடித்துக்கொண்டு குழலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். பையன் ஒரு 682-ஐ இப்படி அசைத்தபோது, சத்தம் காதில் விழுவதற்கு முன்பே "டிக்"கென்று விரலில் தெரிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் ஆக்‌ஷன் முகப்புக்கும் நடுவே தலைமுடி அகலத்துக்கு ஒரு கீற்று. பெயரெல்லாம் அந்தக் கீற்றோடு சரி. விலையில் இறுக்கும் செலவைக் கழித்தால் மட்டும் மேலே பேசலாம். துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவரையும் கவனியுங்கள். புதிதில் மூடும்போது நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கும். பூட்டு தேயத் தேய நடுவுக்கு வரும். தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் நிறையச் சுட்டிருக்கிறார்கள்.

குழலைத் தனியே எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி உள்ளே பாருங்கள். வளையம் வளையமாக நிழல் முறிந்தால் அங்கே அமுங்கலோ உப்பலோ இருக்கிறது. உப்பல் என்றால் எழுந்து வந்துவிடலாம். தில்லி மழைக்காலத்தில் பஞ்சு வைத்த பெட்டியிலேயே மூடி வைத்த துப்பாக்கிக்குக் குழல் உள்ளே அரிப்புப் புள்ளிகள் விழும், அதையும் தேடுங்கள். குழலை விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும். அதிர்ந்து கரகரத்தால் இரு குழலுக்கும் நடுவிலுள்ள பட்டையின் பற்று விட்டிருக்கிறது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாத கை திறந்திருக்கிறது. கட்டை ஆக்‌ஷனோடு சேரும் இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறதா, மெல்லிய வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். டம்மி தோட்டா போட்டு இரண்டு குழலையும் இழுங்கள். இனர்ஷியா ட்ரிகரில் முதல் இழுப்புக்குப் பின் கட்டையின் அடியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால்தான் இரண்டாவது மாறும். இது தெரியாமல் நல்ல துப்பாக்கியைப் பழுதென்று திருப்பிவிடக்கூடாது.

விற்பவர் அனுமதித்தால் சுடுதளத்தில் பலகை வைத்து இரண்டு குழலும் ஒரே இடத்தில் ரவையை வைக்கிறதா என்று சுட்டுப் பாருங்கள். அனுமதிக்காதவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

காகிதத்தில் அவசரம் ஆகாது. உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்களை விற்பவரின் உரிமத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். இத்தாலியத் துப்பாக்கியில் சிறு கட்டத்துக்குள் உள்ள எழுத்துகள் சோதனை முத்திரை பெற்ற ஆண்டைச் சொல்லும். "ரொம்பப் புதுசு" என்ற பேச்சை அங்கேயே சரிபார்க்கலாம். ஒரு வீரர் தனக்கென்று இறக்குமதி செய்தது என்றால் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்து, விற்பனை நிபந்தனை ஏதும் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் தனிநபருக்கு விற்க, வாங்குபவரின் பெயர் முகவரியோடு மாவட்ட அதிகாரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிய வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு. இந்த நாட்களைத் தாமதமாக நினைக்காமல் துப்பாக்கியை இரண்டாவது முறை பார்க்கப் பயன்படுத்துங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். ஊர்வீட்டுத் துப்பாக்கி உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

நொய்டாவிலும் குருகிராமிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று. உங்கள் உரிமம் உத்தரப் பிரதேசத்திலோ ஹரியானாவிலோ வழங்கப்பட்டது. துக்ளகாபாதில் உள்ள கர்ணி சிங் சுடுதளம் தில்லியில். உரிமத்தின் எல்லை உங்கள் மாநிலத்தோடு நின்றால், ஞாயிறு காலைப் பயிற்சிக்குத் துப்பாக்கியோடு கிளம்புவதே சட்ட மீறல். போட்டிக்குச் சென்னை, போபால் என்று போகவும் வேண்டியிருக்கும். ஆகவே உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அகில இந்திய எல்லையைக் கேளுங்கள். விளையாட்டுக்குப் போதுமான தோட்டா எண்ணிக்கையையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். நாலு சுற்றுப் பயிற்சி என்றாலே 100 தட்டு, இரண்டாவது வெடிகளையும் சேர்த்தால் தோட்டா அதற்கும் மேலே போகும்.